வீட்டுக்கு ஒரு திரை: விடுமுறையில் சேர்ந்து பார்க்கச் சில படங்கள்



விடுமுறை விட்ட நாளிலிருந்து பெற்றோர் சிலர் எம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கடையில், பஸ்ஸில், இஷா முடிந்து பள்ளிவாசல் படியில். "சேர், புள்ளைகளோட உக்காந்து பாக்க நல்ல படம் ஒண்டு சொல்லுங்களே." கேட்கும்போது சுற்றுமுற்றும் ஒரு பார்வை, குரலில் ஒரு தாழ்வு. கள்ளச் சாமான் விசாரிப்பது போலத்தான் கேட்பார்கள். நாம் படம் பார்க்கிறவர்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. பரவாயில்லை. கேட்டவர்கள் அனைவருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுவோம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயம். சினிமா கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலை அல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். தன் வீட்டில் எவரும் எந்தத் திரையையும் பார்ப்பதில்லை என்று சொல்லக்கூடியவர் இருந்தால் அவருக்கு எமது ஸலாம். அவர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் நாம் காண்பது வேறு. "எங்கட வீட்டுல ஆரும் படம் பாக்குறல்ல சேர், டீவியே இல்ல" என்று பெருமையாகச் சொன்ன ஒரு மாணவன், அடுத்த இடைவேளையில் அந்த வாரம் வெளியான படத்தின் சண்டைக் காட்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். டீவி இல்லாத அந்த வீட்டில் கைபேசி ஐந்து.

எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வந்தவர்கள் டெக் கொண்டுவந்த காலம் நினைவிருக்கிறதா? ஒரு வீட்டுக்கு டெக் வந்தால் அந்தத் தெருவே அங்கேதான். முற்றத்தில் பாய் விரித்து ஆண்கள், உள்ளே பெண்கள், ஜன்னலில் தொங்கிக்கொண்டு நாங்கள். கூடாத காட்சி வரும்போது பெரியவர் ஒருவர் இருமுவார். டெக் சொந்தக்காரர் பாய்ந்து போய் ஃபோர்வர்ட் பொத்தானை அழுத்துவார். அவர் அழுத்துவதற்குள் காட்சி பாதி போயிருக்கும், அது வேறு கதை. எமது ஊரின் தணிக்கைச் சபை அந்த இருமல்தான். இன்று பிள்ளை போர்வைக்குள் தனியே பார்க்கிறது. இரும ஆள் இல்லை.

ஆகவே எமது வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு இரவு, இஷாவுக்குப் பிறகு, மண்டபத்தில் இருக்கும் ஒரே திரையில் ஒரே படம். எல்லாக் கைபேசியும் குசினியில் ஒரு பெட்டிக்குள். வசனம் வேற்று மொழி என்றால் மூத்தவள் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள். உம்மம்மா நடுவில் கேள்வி கேட்பார். சின்னவன் தூங்கிவிடுவான். பிடிக்காத இடம் வந்தால் நிறுத்திப் பேசுவோம். இந்த ஒழுங்கில் பார்த்துத் தேறியவற்றைத்தான் கீழே சொல்கிறோம்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் ஈரானியர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' பாருங்கள். அலி என்ற சிறுவன் தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோய், வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் காசு இல்லை, உம்மாவுக்கு உடம்புக்கு முடியாது, வீட்டு வாடகையும் பாக்கி. சொன்னால் வாப்பாவுக்குக் கவலை என்று இரண்டு பேரும் மறைக்கிறார்கள். ஒரே சப்பாத்து. காலையில் தங்கை போட்டுக்கொண்டு பாடசாலை போவாள், விட்டதும் சந்து சந்தாக ஓடி வருவாள், முடுக்கில் காத்திருக்கும் அண்ணன் மாற்றிக்கொண்டு தன் பாடசாலைக்கு ஓடுவான். கதை இவ்வளவுதான். அடிதடி இல்லை, பாட்டு இல்லை, ஆபாசம் ஒரு துளி இல்லை. ஒரு சப்பாத்து வடிகானில் விழுந்து தண்ணீரோடு போகும் இடத்தில் எமது வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அதில் ஒரு காட்சியை ஜும்ஆ பிரசங்கத்தில் சொன்னால்கூடத் தகும். அலியின் வாப்பா பள்ளிவாசல் வைபவத்துக்காகச் சீனிக்கட்டி உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் மலை போல் சீனி. மகள் தேநீர் கொண்டுவருகிறாள். அவர் சீனி கேட்கிறார். "உங்களுக்கு முன்னால இவ்வளவு இருக்குதே" என்கிறாள் பிள்ளை. அது பள்ளிவாசலின் சீனி, நம்மிடம் ஒப்படைத்தது என்கிறார். அமானிதம் என்ற சொல்லுக்கு நாம் தரம் ஏழில் இரண்டு பாடவேளை எடுத்து விளக்குவதை அந்த மனிதர் ஒரு கோப்பைத் தேநீரில் முடித்துவிட்டார்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அலி தினமும் பிந்தித்தான் பாடசாலைக்கு வருவான். வாயிலில் நிற்கும் பொறுப்பாசிரியர் அவனைப் பிடிப்பார், திட்டுவார், வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பார். சப்பாத்துக் கதை அவருக்குத் தெரியாது. அந்த வாயிலில் நாமும் பல வருடம் நின்றிருக்கிறோம். மழையில் நனைந்து வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறோம். ஏன் பிந்தியது என்று எத்தனை பேரிடம் கேட்டோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. படம் பார்த்த பிறகு கேட்கத் தொடங்கினோம். சிலருடைய பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே அனுப்பியும் இருக்கிறோம்.

அதே ஈரானில் அப்பாஸ் கியாரொஸ்தமி 1987இல் எடுத்த 'வெயார் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' ஆசிரியர்களுக்காகவே எடுத்தது போலிருக்கும். பக்கத்துப் பையனின் கொப்பியைத் தவறுதலாகக் கொண்டுவந்துவிட்ட ஒரு சிறுவன், நாளைக்குக் கொப்பி இல்லாவிட்டால் அவனை வகுப்பிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று பயந்து, மலை ஏறி அடுத்த ஊரில் அவன் வீட்டைத் தேடுகிறான். வழியில் காணும் பெரியவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள், ஒருவர்கூட அவன் சொல்வதைக் கேட்பதில்லை. படம் மெதுவாகத்தான் நகரும். பிள்ளைகள் முதல் இருபது நிமிடம் நெளிவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். சவூதிப் பெண் இயக்குநர் ஹைஃபா அல் மன்ஸூரின் 'வஜ்தா' 2012இல் வந்தது. சைக்கிள் வாங்கக் காசு சேர்க்க குர்ஆன் போட்டியில் சேரும் ஒரு சிறுமியின் கதை. அப்போது அந்த நாட்டில் திரையரங்கே இல்லை, 2018இல்தான் மீண்டும் திறந்தார்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் பார்த்தால் நிச்சயம் வாக்குவாதம் வரும். வரட்டும்.

இனி எமக்கு மிகவும் பிடித்த மலையாளம். கேரளத்து மலப்புறத்து வீடுகளைப் பார்த்தால் உக்குவளையிலோ வரக்காமுரையிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். அதே உம்மா, அதே முந்தானை இழுத்து மூடுதல், வந்தவரைச் சாப்பிடாமல் விடாத அதே பிடிவாதம். ஸக்கரியா இயக்கி 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' எமது வீட்டில் மூன்று தடவை ஓடியது. ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு விளையாட வந்த நைஜீரிய இளைஞன் காயப்பட்டுப் படுக்கையில் விழுகிறான். குழுவின் மனேஜர் மஜீத் அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அவனைப் பார்த்துக்கொள்வது இரண்டு வயதான உம்மாமார். அவனுடைய மொழி இவர்களுக்குத் தெரியாது, இவர்களுடைய மொழி அவனுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே இருப்போம், திடீரென்று தொண்டை அடைக்கும். அந்த உம்மாமாராக நடித்த ஸாவித்ரி ஸ்ரீதரன், சரஸா பாலுஸ்ஸேரி இருவரும் முஸ்லிம்கள் அல்லர், நாடக மேடையில் வளர்ந்தவர்கள். படம் முடிந்து இதைச் சொன்னபோது உம்மம்மா நம்பவே இல்லை.

அதே இயக்குநர் 2020இல் எடுத்த 'ஹலால் லவ் ஸ்டோரி' இந்தப் பதிவை ஏசப் போகிறவர்களுக்கு எமது அன்பளிப்பு. ஓர் இஸ்லாமிய அமைப்பு தன் கொள்கைக்கு மாறுபடாமல் ஒரு படம் எடுக்கப் புறப்படுகிறது. கணவன் மனைவி வேடத்தில் நடிக்க வேண்டியவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு சோடியைத் தேடிப் பிடிக்கிறார்கள். நடிக்கத் தொடங்கியதும் அந்த இருவரின் வீட்டுப் பிரச்சினை எல்லாம் கெமராவுக்கு முன்னால் வந்து கொட்டுகிறது. மார்க்கப் பற்றுள்ளவர்களைப் பார்த்துச் சிரிக்கும் படம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து சிரிக்கும் படம் அது.

'உமர் முக்தார்', 'த மெசேஜ்' இரண்டையும் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். எமது ஊர்களில் இவற்றைப் பார்க்காதவர் குறைவு. இரண்டும் சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத் எடுத்தவை. 1976இல் வந்த 'மெசேஜ்' படத்தை அறபுக்கு ஒரு நடிகர் குழு, ஆங்கிலத்துக்கு வேறொரு குழு என்று இரண்டு தடவை படமாக்கினார். நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ எங்கும் வராது. ஆனாலும் 1977 மார்ச்சில் வொஷிங்டனில் ஆயுதம் ஏந்திய ஒரு குழு, அந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து, கட்டிடங்களுக்குள் புகுந்து பலரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தது. 'உமர் முக்தார்' 1981இல் வந்தது. இத்தாலி அதைத் தன் நாட்டில் காட்டவிடாமல் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது. 2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல்களில் வெடித்த குண்டுகளில் அக்காத்தும் மகளும் கொல்லப்பட்டார்கள். வைத்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். இஸ்லாத்தை உலகத்துக்குக் காட்டப் பாடுபட்ட மனிதரின் முடிவு அது. ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு இந்த நாட்டில் வாழும் நாம், பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

(கொரோனா முடக்கத்தில் வீடு வீடாக ஓடிய துருக்கித் தொடர் 'எர்துக்ருல்' பற்றிச் சிலர் கேட்டார்கள். பாருங்கள், விறுவிறுப்பானது. வரலாறு என்று மட்டும் எண்ண வேண்டாம். அந்த மனிதரைப் பற்றி நம்பகமான குறிப்பு மிகச் சொற்பம், மிகுதி எல்லாம் எழுதியவர்களின் கற்பனை. எமது மாணவர் ஒருவர் பரீட்சைத் தாளில் அதிலிருந்து ஒரு பந்தி எழுதியிருந்தார்.)

தமிழ்ப் படங்களில்தான் எமக்கு வருத்தம் அதிகம். எமது பிள்ளைகள் தொண்ணூறு வீதம் பார்ப்பது அதைத்தான், அது எமது மொழி. 1992இல் 'ரோஜா' வந்ததிலிருந்து தமிழ்ப் படத்தில் குண்டு வைப்பவனுக்கு யாருடைய பெயர் என்று சொல்லத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பையனை மற்றவர்கள் ஒரு படத்து வில்லனின் பெயரால் கேலி செய்தார்கள். அது அவனுடைய சொந்தப் பெயரும்தான். கேலி செய்தவர்கள் அனைவரும் முஸ்லிம் பிள்ளைகள். அவன் அதிபரிடம் போய், இடாப்பில் பெயரை மாற்றலாமா என்று கேட்டான். எந்தப் பெயர் என்று எழுத மாட்டோம், ஸஹாபி ஒருவருடைய பெயர் என்பது போதும். 2013இல் 'விஸ்வரூபம்' வந்தபோது கூச்சல் போட்டோம். அதனால் பார்க்க நினைக்காதவரும் தேடிப் பார்த்தார். கூச்சலுக்குப் பதில், பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, "இப்பிடி ஒரு ஆள நீ எங்க சரி கண்டிருக்கியா?" என்று கேட்பது அதிகம் பலன் தரும் என்பது எமது அனுபவம்.

ஆனால் நல்லதும் இருக்கிறது. எம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015இல் திரைக்கு வந்தது. சென்னைச் சேரியில் இரண்டு சகோதரர்கள், அவர்களுக்கு ஒரு பீட்ஸா சாப்பிட ஆசை. இந்தியாவின் தேசிய விருதில் சிறந்த சிறுவர் படம் அது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இரத்தோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு வேறு மாதிரி இருக்கும். ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து மலை இறங்கும் ஒருவன் துண்டு நிலம் வாங்க ஆசைப்படும் கதை. ஏலமும் மிளகும் கராம்பும் விலை போகும் விதத்தை அறிந்த குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

கடைசியாக, நாம் அதிகம் தவறவிடுகிற சிங்களப் படங்கள். எம்மில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். சந்தையில், கச்சேரியில், பஸ்ஸில் அந்த மொழிதான். ஆனால் அந்த மொழியில் ஒரு நல்ல படம் பார்த்தீர்களா என்றால் இல்லை. 2012இல் தம்புள்ளைப் பள்ளிவாசல் பிரச்சினை வந்தது, 2018 மார்ச்சில் பக்கத்தில் திகன எரிந்தது. திகனயின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அவர்கள் எம்மைப் பற்றியும் நாம் அவர்களைப் பற்றியும் அறிந்துகொண்டதெல்லாம் அதில் வந்த துண்டு வீடியோக்களில்தான்.

பிரசன்ன விதானகே 2003இல் எடுத்த 'இர மதியம' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். யுத்த காலத்தில் நடக்கும் மூன்று கதைகள். அதில் ஒன்று வடக்கில் ஒரு முஸ்லிம் சிறுவனுடையது, பெயர் அரஃபாத். ஊரையே விட்டு வெளியேறச் சொல்லிப் புலிகளின் கட்டளை வருகிறது. குடும்பம் மூட்டை கட்டுகிறது. அவனுக்கோ தன் நாயை விட்டுப் போக முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நாம் மேடைகளில் எண்ணிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காது மரத்துவிட்டது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எமது மகன், "அந்த நாய்க்குச் சோறு போட்டது ஆரு வாப்பா?" என்று கேட்டான். நாய் வளர்ப்பது பற்றி எமது வீட்டில் உள்ள சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எமது கதையை ஒரு சிங்களவர் எடுத்திருக்கிறார், அதை எம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? ஒரு எச்சரிக்கை: மற்றக் கதை ஒன்றில் ஓர் இராணுவச் சிப்பாய் தன் தங்கையை விபச்சார விடுதியில் காண்கிறான். ஆகவே சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளுக்குக் கீழே காட்ட வேண்டாம்.

அதே இயக்குநரின் 'புரஹந்த களுவர' சீல் வைத்த பெட்டியில் வந்த இராணுவ மகனின் மரணத்தை நம்ப மறுக்கும் கண் தெரியாத ஒரு தகப்பனின் கதை. அரசாங்கம் 2000இல் தடுத்து, உயர் நீதிமன்றம் போய்த்தான் 2001இல் வெளிவந்தது. ஜோ அபேவிக்ரம அதில் நடித்தார் என்று சொல்ல வாய் வரவில்லை, இருந்தார். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்த 'பொன்மணி' எழுபதுகளின் படம். சாதியும் சீதனமும் ஒரு வீட்டைத் தின்னும் விதத்தைக் காட்டுகிறது. கைக்கூலி வாங்கிக்கொண்டே அதற்கு எதிராகப் பிரசங்கம் கேட்கும் எமக்கு நன்றாகப் பொருந்தும். சோமரத்ன திசாநாயக்கவின் 'சரோஜா' (2000), ஒரு சிங்களப் பாடசாலை ஆசிரியர் வீட்டில் ஒளிந்து வாழும் தமிழ்ச் சிறுமியின் கதை. சிறியவர்களோடும் பார்க்கலாம். முழுக்கப் பிள்ளைகளுக்கு என்றால் இந்திக பெர்டினாண்டோவின் 'ஹோ கான பொகுண' (2015). ஒரு குக்கிராமத்துச் சிறிய பாடசாலைக்குப் புதிய ஆசிரியை வருகிறாள். அந்தப் பிள்ளைகள் கடலையே கண்டதில்லை. கூட்டிக்கொண்டு போகக் காசு சேர்க்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எமது வகுப்பில் கடல் காணாதவர்கள் யார் என்று கேட்டோம். மாத்தளையில் இருந்து நீர்கொழும்பு எவ்வளவு தூரம்? பதினோரு கை உயர்ந்தது.

எல்லாவற்றையும் ஒரே விடுமுறையில் பார்த்து முடிக்க வேண்டும் என்று இல்லை. நாம் சொன்ன வரிசையிலும் பார்க்க வேண்டியதில்லை. எழுத்து வாசிக்கச் சலிப்பவர்கள் மலையாளத்தில் தொடங்கலாம், பாதி தானாக விளங்கும். ஆனால் முதல் இரவுக்கு எது என்று கேட்டால் மீண்டும் அலியின் சப்பாத்துத்தான். அதில் கடைசிக்குச் சற்று முன்னால் அவனுடைய வாப்பா சைக்கிளோடு ஒரு காட்சியில் வருவார், சில வினாடிதான். சைக்கிளில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். நாம் இரண்டு தடவை பார்த்தும் கவனிக்கவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்த சின்னவன்தான் எழும்பிக் கை நீட்டிக் காட்டினான்.